இரண்டு பத்து வண்டி

நடப்பதற்காக ஒரு மனிதன் எத்தனை தடவை பறக்கலாம்? மூன்று தடவை என்கிறது இவர் வீட்டுச் சுவர். மூன்றாவது விமானத்தை அழிரப்பரால் அழித்து, ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளிச் சிவப்புப் பென்சிலால் மறுபடி வரைகிறார். இரண்டடி பின்னால் நகர்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இப்ப கப்பலுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் கிடைக்குது," என்கிறார். அறையில் நானும் அவர் மனைவியும் இருந்தோம். அவர் சொன்னது எங்களிடம் அல்ல, சுவரிடம்.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடமாக டைம் கீப்பர். நான் அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். அவர் விசில் அடித்து அனுப்பும் வண்டிகளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பழைய டியூட்டி சார்ட்டுகளின் பின்பக்கத்தை ஒட்டி ஒட்டி, கதவுக்கும் ஜன்னலுக்கும் இடைப்பட்ட சுவர் முழுவதையும் அவர் தாளாக்கியிருந்தார். மேலிருந்து கீழே ஊர்கள். இடமிருந்து வலம் மணிகள். ஓடும் வண்டி சாய்கோடு, நிற்கும் வண்டி படுக்கைக்கோடு. டிப்போவில் புதுத் தடத்துக்கு நேரம் போடும் முறை இதுதான். அதே முறையில் அவர் மூன்று விமானங்கள், ஒரு ரயில், ஒரு கப்பல், ஒரு பஸ் ஆகியவற்றைப் போட்டிருந்தார். சாய்கோடுகளை வரையும்போது உதடு குவிந்து விசிலடிக்கத் தயாராக இருக்கும். படுக்கைக்கோடு வந்தால் நோயாளியைப் பார்க்க வந்தவர் போல முகம் மாறிவிடும். ஒரு விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கோட்டைக் குறைக்க மட்டும் இரண்டு வருடம் செலவழித்தார்.

இத்தனை கோடுகளும் போய்ச் சேரும் இடம் ஒரு கல். வேறொரு நாட்டில், கடற்கரைக் கிராமம் ஒன்றில், எழுநூற்று எண்பது கிலோமீட்டர் நடைபாதை ஒன்று அந்தக் கல்லில் தொடங்குகிறது. கடலோரமாகப் போய், மலை ஏறி, மலை இறங்கி, இன்னொரு கடலில் முடிகிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து நடக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு கல், கல்லில் நீல வட்டம், வட்டத்துக்குள் எண். தொடக்கக் கல்லில் பூஜ்யம் மட்டும் இருக்கிறது. ஒரு பத்திரிகையில் அந்தப் பூஜ்யத்தின் படத்தைப் பார்த்த அன்று தொடங்கியது இவருடைய திட்டம். பதினோரு வருடம் ஆகிறது.

கல்லுக்கு அப்பால் இருக்கும் பாதையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கே தங்குவது, எங்கே தண்ணீர், மலை எவ்வளவு உயரம் என்று ஒருநாள் கேட்டேன். ஏமாற்றத்தோடு பார்த்தார். "அது நடக்குறதுதானே சார். அதுல என்ன கனெக்‌ஷன் இருக்கு?"

டிப்போவில் அவருக்குப் பெயரே கனெக்‌ஷன்தான். டிரைவர்கள் கனெக்‌ஷன் அண்ணன் என்பார்கள். வம்பு பண்ணும் பயணிகள் அதில் ‘அண்ணன்’ என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அவர் நடக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து டிப்போ தொள்ளாயிரம் மீட்டர். காலையில் ஊழியர்களை ஏற்றிவரும் வண்டி தெருமுனைக்கு வரும்வரை நின்று, ஏறி, ஒரே நிறுத்தத்தில் இறங்குவார். முன்னூறு மீட்டரில் இருக்கும் பால் கடைக்கு மனைவிதான் போக வேண்டும். "பால் பாக்கெட்டுக்கு நடக்க மாட்டாரு. எழுநூத்தி எண்பது கிலோமீட்டர் நடக்கப் போறாராம்," என்பது அந்த அம்மாள் மாடிப்படியில் எதிர்ப்படும் யாரிடமும் சொல்வது. அவரிடம் அதற்கும் பதில் இருந்தது. மூட்டு என்பது டயர் மாதிரி, தேவையில்லாத தடத்தில் தேய்க்கக் கூடாது என்பார்.

நடைக்கென்று வாங்கிய காலணி கனமானது, கணுக்காலை மூடுவது. புதிதாக அணிந்து நடந்தால் கடிக்கும், முன்கூட்டியே பழக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கட்டிக்கொண்டு ஏழு மாதம் டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கடியில் பார்த்தால் மலையேறுகிறவரின் கால்கள். மேஜைக்கு மேல் ரிஜிஸ்டர், விசில், கடிகாரம்.

நேரத்தைப் பற்றி அவரிடம் இருந்தது கொள்கை என்று சொல்வதா, கோளாறு என்று சொல்வதா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். எங்கேயும் இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேருவார். மூன்று நிமிடம் என்றால் அது அவருக்கு வீண். பல் டாக்டரிடம், கல்யாண வீட்டில், துக்க வீட்டில் எல்லா இடத்திலும் அதே இரண்டு நிமிடம். காத்திருப்பதை அவர் ஒழுக்கக்கேடாக நினைத்தார். காக்க வைப்பது அதைவிடக் கீழே. முப்பத்தொரு வருடத்தில் எந்த ஆளுக்காகவும் அவர் ஒரு வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. பெருமை இல்லாமல் அவர் மனைவிதான் சொல்வார்:

"கல்யாணமாகி மூணாவது வருஷம். எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஓடி வர்றேன். ரெண்டு பத்து வண்டி. நாற்பது அடி இருக்கும். என்னைப் பார்க்குறாரு. வாட்ச்சைப் பார்க்குறாரு. விசில் அடிக்கிறாரு." இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். "அப்புறம் என்கிட்ட வந்து, அடுத்த வண்டி ரெண்டு முப்பத்தஞ்சுன்னு சொல்றாரு. அதுவும் மரியாதையா."

இந்தக் கதையை அவர் எதிரிலேயே சொல்வார். அவர் மறுக்க மாட்டார். "வண்டியில நாற்பத்தெட்டு பேரு இருந்தாங்க," என்று மட்டும் சேர்ப்பார்.

கல்லுக்குப் போகும் கடைசி பஸ்ஸும் இரண்டு பத்துக்குத்தான். கப்பல் துறையிலிருந்து கிராமத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஓடுகிறது. மற்றவர்கள் முதல் விமானத்திலிருந்து திட்டம் போடுவார்கள். இவர் அந்தக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போட்டார். விமானங்கள் அவருக்கு அந்த பஸ்ஸுக்கு ஆள் சேர்த்துவிடும் ஊட்டு வண்டிகள். டாக்ஸி பிடித்துப் போகலாமே என்று மனைவியின் தம்பி ஒருமுறை கேட்டார். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "டாக்ஸிக்கு டைம் ஏது?" என்றார் இவர். நேரப்பட்டியல் இல்லாத எதுவும் வண்டி ஆகாது என்பது அதன் பொருள் என்று வாத்தியாருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

கப்பல் தாமதமானால் அந்த பஸ் காத்திருக்குமா? இந்த ஒரு கேள்வி அவரை ஒன்றரை வருடம் அரித்தது. கடைசியில் அந்த நாட்டு பஸ் கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்த என்னிடம் கொண்டுவந்ததால் எனக்குத் தெரியும். பதில் எழுதியவர் அங்குள்ள டைம் கீப்பர், ஒரு பெண்மணி. அது எந்த டிரைவர் என்பதைப் பொறுத்தது என்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை டிரைவர் பெற்ற தாய்க்கும் நிற்க மாட்டார். வெள்ளிக்கிழமை டிரைவர் நிற்பார், ஆனால் வழி நெடுகப் பேசுவார். இதைப் படித்தபோது இவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. "டைம் கீப்பர் டைம் கீப்பர்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க சார்," என்றார். அன்று முதல் சுவரில் இருந்த செவ்வாய்க்கிழமைகள் அழிந்தன.

அதன்பின் மாதம் ஒரு கடிதம். நடையைப் பற்றி ஒரு வரி இராது. அங்கே பனிக்காலத்தில் ஓட்ட நேரம் எவ்வளவு கூட்டுகிறார்கள், இங்கே மழைக்காலத்தில் எவ்வளவு. அங்கே ரிஜிஸ்டரில் தாமதக் காரணத்துக்கு எத்தனை வார்த்தை இடம், இங்கே எத்தனை. இப்படியே நாலு வருடம். இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் உணர்ச்சி என்று எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் கடிதம் வந்த நாளில் அவர் விசில் ஒரு சுருதி ஏறியிருக்கும் என்பார்கள் டிரைவர்கள்.

இந்த வருடம் அந்தப் பெண்மணி எழுதினார்: கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை இந்தப் பருவத்தோடு நிறுத்துகிறார்கள். பயணிகள் போதவில்லை. அதே மாதத்தில் மூட்டு டாக்டரும் ஒன்று சொன்னார். தினமும் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போறதுன்னா இந்த வருஷம் போங்க. அடுத்த வருஷ மூட்டுக்கு நான் பொறுப்பில்ல," என்றார். பதினோரு வருடம் சேர்த்த விடுமுறைக்கு அவர் விண்ணப்பித்தார். டிப்போ மேலாளர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, காலணியை எட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். இவர் விமான நிறுவனத்தின் நகர அலுவலகத்துக்கே போய், கவுண்டரில் நின்று டிக்கெட் எடுத்தார். பதினான்காம் தேதி புதன்கிழமை, 00.40. வெள்ளி பகல் இரண்டு எட்டுக்குப் பஸ் நிறுத்தம். இரண்டு பத்துக்கு வண்டி. எந்தப் பயணி, எந்த நிறச் சட்டை என்று அந்தப் பெண்மணி வெள்ளிக்கிழமை டிரைவரிடம் சொல்லி வைத்துவிட்டார்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள டிப்போவின் நாள் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அது அதிகாலை நாலரைக்கு முதல் வண்டி வெளியேறும்போது பிறக்கிறது. கடைசி வண்டி உள்ளே வந்து சேரும்வரை சாகாது. நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வண்டிகளும் அந்த நாளின் கணக்கில்தான் வரும். பன்னிரண்டு நாற்பதை 24.40 என்று எழுதுவார்கள், ஒன்றேகாலை 25.15 என்று எழுதுவார்கள். நாள் மாறினால் டிரைவரின் டியூட்டி இரண்டாக உடையும், சம்பளம் குழம்பும் என்பதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. முப்பத்தொரு வருடம் இருபத்தைந்து மணி நேரமுள்ள நாட்களில் வாழ்ந்தவர் அவர். டிக்கெட்டிலிருந்த 00.40-ஐச் சுவருக்கு மாற்றும்போது, தப்பைத் திருத்துகிறவரின் பொறுமையோடு, பதினான்காம் தேதி 24.40 என்று எழுதினார். அதற்குப் பிறகு எல்லோரும் சுவரைத்தான் சரிபார்த்தார்கள். கணக்கு வாத்தியார் மூன்று தடவை கூட்டிப் பார்த்து, ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பதினான்காம் தேதி பகல், வழியனுப்பும் சாப்பாடு. வாத்தியார் வந்திருந்தார். அடுத்த நாற்பத்தொரு நாள் நாற்காலியில் உட்காரப்போகும் மாற்று டைம் கீப்பரும் வந்திருந்தார். இவரிடமே வேலை கற்றுக்கொண்ட பெண். கீழ் வீட்டுக்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதுகுப்பை கதவருகே தயாராக நின்றது. டிப்போ பார்சல் தராசில் நிறுத்தபோது எட்டு கிலோ இருநூறு. அவர் காலணியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் ஒலித்தது. கை எச்சில் என்பதால் வாத்தியார் எடுத்துப் படித்தார்.

"மாமா, விமானக் கம்பெனி. உங்க முதல் பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க. அஞ்சு நட்சத்திரத்துக்கு எத்தனைன்னு."

"இன்னும் ஏறவே இல்லையே."

"முன்கூட்டியே கேக்குறாங்க போல."

"சரி, நாலு போடு. மிச்சத்தை எறங்கினப்புறம் பார்க்கலாம்."

வாத்தியார் நான்கு போட்டுவிட்டார். மாற்று டைம் கீப்பருக்குத்தான் ஏதோ உறுத்தியது. டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். "சரியாத்தானேண்ணே இருக்கு. பதினாலு, இருபத்தி நாலு நாற்பது," என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு டைம் கீப்பர்களும் ஒரு கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்திருந்த மேஜை அது.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு நின்றார். "இந்த வீட்ல தேதிக் காலண்டர்ல தாள் கிழிக்கிறது நான்தான். எனக்குத் தெரிஞ்சு ராத்திரி பன்னிரண்டு ஆனா தேதி மாறிடும். பதினாலு பன்னிரண்டு நாற்பதுன்னா அது நேத்து ராத்திரி இல்லையா?"

வாத்தியாரின் விரல் மேஜைமேல் எதையோ கூட்டிக் கழித்தது. இவர் டிக்கெட்டைக் கையில் வாங்கவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தார். "டிப்போவுல மாறாது," என்றார்.

அவர் நேற்று இரவு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பயணத்துக்கு முந்தைய நாள் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று எட்டரைக்கே படுத்துத் தூங்கியிருந்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் காட்டிய நிதானத்தை மெச்சத்தான் வேண்டும். நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் மெச்சுகிறவனல்ல. முதலில் அந்தப் பெண்மணிக்கு மின்னஞ்சல் எழுதினார். வெள்ளிக்கிழமை வர இயலாது, தப்பு என்னுடையது, வண்டி நிற்க வேண்டாம். மூன்றே வாக்கியம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அந்நாட்டு மொழியில் இருந்ததால் படிக்க முடியவில்லை. "பார்த்தீங்களா, ரெண்டே நிமிஷம். டைம் கீப்பர்னா அப்படி இருக்கணும்," என்று என்னிடம் காட்டினார். அவசரத்தில் தாய்மொழியில் எழுதிவிட்டார் என்பது அவர் ஊகம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் விமான நிறுவனத்தின் நகர அலுவலகத்துக்குப் போனார். வண்டியைத் தவறவிட்டவர்களுக்கு அங்கே சட்டப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் நடந்ததை அப்படியே, 24.40-ஐ எழுதிக் காட்டி விளக்கியபோது, கவுண்டரில் இருந்தவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று தடவை சொன்ன பிறகு, விதிவிலக்காகத் தேதி மாற்றித் தரச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். அனுமதி வந்தால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணிக்குள், பழைய டிக்கெட்டோடு நேரில் வர வேண்டும். மூன்று அடித்தால் அனுமதி காலாவதி. புதுத் தேதி கிடைத்தால் அந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவர் அன்று மாலையே சுவரில் புதுக் கோடுகள் போட ஆரம்பித்தார். இந்தத் தடவை 00.40 என்றே எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெண்மணியிடமிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. மாடிப்படியில் இவர் போனை என்னிடம் நீட்டினார். அர்த்தம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சரியாகத்தான் படித்திருக்கிறோமா என்று பார்க்க விரும்பினார் போலிருக்கிறது. புதன் முதல் ஞாயிறு வரை அந்தப் பெண்மணி விடுப்பில் இருந்திருக்கிறார். புதனன்று இரண்டு நிமிடத்தில் வந்தது இயந்திரம் தானாக அனுப்பும் பதில்: அலுவலகத்தில் இல்லை, திங்களன்று வருவேன். கடிதத்தின் மீதி இது:

வெள்ளிக்கிழமை வண்டி உங்களுக்காக நின்றது. கப்பலிலிருந்து எல்லோரும் இறங்கிய பிறகும், அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்று டிரைவர் நிறுத்தி வைத்தார். பத்தொன்பது நிமிடம். பதினொரு பயணிகள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரிடம் மட்டும் மீன் இருந்தது. உங்களுக்கு உடம்பு ஒன்றுமில்லையே?

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "பத்தொன்பதுதானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு மேலே போனார். அன்று மாலை வாசலில் அவருடைய மலைக் காலணி தனியாக இருந்தது. ஏழு மாதத்தில் அதைக் கால் இல்லாமல் நான் பார்ப்பது அதுதான் முதல்முறை.

அந்த வாரம் அவர் சுவரைத் தொடவில்லை. மனைவிதான் ஆள் மாறிவிட்டார். பதினோரு வருடமாக அந்தச் சுவரில் பீரோ வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், டிக்கெட்டையும் கடிதங்களையும் ஒரு கோப்பில் அடுக்கி, அலுவலகத்துக்குப் போன் போட்டு, அனுமதி வந்துவிட்டதை வெள்ளி காலையே தெரிந்துகொண்டார். ஒரு மணி வண்டியிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று கெஞ்சினார். அவர் கேட்கவில்லை.

"ரெண்டு பத்துல போனாப் போதும். அந்த ஸ்டாப்புக்கு நாற்பத்தெட்டு நிமிஷம். ரெண்டு ஐம்பத்தெட்டு."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. ஓட்ட நேரம் போட்டது நான்தான்."

இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்வது அவர் வழக்கம் என்பதால் யாருக்கும் இதில் எதுவும் தோன்றவில்லை.

அன்று நானும் அந்த வண்டியில் இருந்தேன். மனைவி மூன்றாவது வரிசையில், மடியில் கோப்போடு. பக்கத்து இருக்கையில் அவருக்காகக் கைப்பை. அவர் இரண்டு எட்டுக்கு டிப்போவுக்குள் வந்தார். விடுமுறையில் இருந்ததால் சீருடை இல்லை, மலைக் காலணி இருந்தது. நேரே டைம் கீப்பர் அறைக்குப் போனார். மாற்று டைம் கீப்பர் எழுந்து நின்றார். அவர் உட்காரவில்லை. கையை நீட்டினார், அந்தப் பெண் விசிலைக் கொடுத்தார். வெளியே வந்து வண்டிக்குப் பக்கவாட்டில், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

இரண்டு பத்து ஆயிற்று. டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். விசில் வரவில்லை.

இரண்டு பன்னிரண்டுக்கு டிரைவர் தலையை வெளியே நீட்டி, போகலாமா என்று கேட்டார். பதில் இல்லாததால் எஞ்சினை அணைத்தார். அதன் பிறகுதான் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். மந்திரி யாராவது வருகிறாரா என்று ஒருவர் விசாரித்தார். டீசல் போட மறந்துவிட்டார்களா என்றார் இன்னொருவர். பழைய தாளில் சுற்றிய ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கை கடுத்திருக்க வேண்டும். "யோவ் கனெக்‌ஷன், நாலு வருஷம் முந்தி அரை நிமிஷம் லேட்டுன்னு என்னை விட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? அந்த ஆளு இப்ப வந்துட்டேன், போலாம்," என்றார். வண்டியே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டிப்போவின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து யாரும் ஓடி வரவில்லை. மாற்று டைம் கீப்பர் அவர் அருகே வந்து தணிந்த குரலில், "அண்ணே, ரிஜிஸ்டர்ல காரணம் என்ன எழுதட்டும்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவர் கடிகாரத்தைத் திருப்பி அந்தப் பெண்ணுக்குக் காட்டினார், அவ்வளவுதான். இந்த விஷயம் பற்றிப் பின்னால் அவரிடம் கேட்ட எல்லோருக்கும், எனக்கும்கூட, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான் சொன்னார்.

என் கண் அவர் மனைவிமேல் இருந்தது. எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் கோப்பை நெஞ்சோடு பிடித்தபடி ஜன்னல் வழியே அவரையே பார்த்தார். இரண்டு இருபது தாண்டியதும், மூன்று மணிக் கவுண்டர் இனி இல்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கோப்பை மடியில் வைத்தார். முன்னிருக்கையில் ஒரு பெண், யாருக்காக இந்த மனுஷன் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எரிச்சலோடு கேட்டபோது, "தெரியலம்மா. எனக்காக ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல," என்றார். அந்தக் குரலில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு இருபத்தொன்பதுக்கு, பத்தொன்பதாவது நிமிடத்தில், அவர் விசில் அடித்தார். எப்போதும் போல ஒரே ஊது, நீளமும் இல்லை, குறைவும் இல்லை. டிரைவர் எஞ்சினைப் போட்டார். அவர் விசிலை மாற்று டைம் கீப்பரின் கையில் கொடுத்துவிட்டு, ஊழியர்கள் ஏறும் முன்கதவுக்கு வராமல், வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்கதவில் ஏறினார். நெரிசலில் இடித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டபடி முன்னால் வந்தார். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தார். பாஸ் வைத்திருக்கும் ஊழியர் என்பதால் கண்டக்டர் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவர் கண்டக்டரின் சட்டைக் கையைத் தொட்டு நிறுத்தினார். முப்பத்தொரு வருடத்தில் அந்த வண்டிகளில் அவர் வாங்கியிராத ஒன்றை, சில்லறையை நீட்டிக் கேட்டார்:

"ஒரு டிக்கெட்."